பலகையில் இருந்த மஞ்சள்

ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய், காலை பத்தே கால். பல்கலைக்கழக நூலகத்தின் சுவடிப் பிரிவில் கரண்ட் போயிற்று. ஸ்கேனரின் பச்சை விளக்கு அணைந்தது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒருமுறை குலுங்கி நின்றது. பொற்கொடி கையில் இருந்த ஓலையை வெள்ளைத் துணிமேல் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். வெளியே தைல மரங்களை ஆடிக் காற்று ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. செம்மண் தூசி உள்ளே வரப் பார்த்தது. உடனே மூடினாள்.

அப்போது கைபேசி அதிர்ந்தது. அப்பா. வேலை நேரத்தில் அவர் கூப்பிடுகிறவர் இல்லை.

"எங்க இருக்க?"

"வேலையிலதான்ப்பா."

"நம்ம ஏட்ட எடுத்துக்கிட்டு வா ஆத்தா. வெள்ளிக்கெழம கை வைக்கணும்."

"யாரு?"

"யாரு, ஒன் மாமன்தான். கை வைக்கிறேன்னு டீக்கடை நாகராசுகிட்ட சொல்லி விட்ருக்கான். வைக்கட்டும். வச்சுட்டான்னா மாலைய எடுத்துக்கிட்டு மொத ஆளா கல்யாணத்துக்கு வரட்டும். இல்லேன்னா என் வாசல மிதிக்க வேணாம்."

"அப்பா, அது வந்து..."

"என்ன வந்து? ஒரு மாசத்துல தாரேன்னு சொல்லித்தான வாங்கிட்டுப் போன?"

"கொண்டு வாரேன்ப்பா."

அவர் வைத்துவிட்டார். பொற்கொடி இரும்பு அலமாரியைத் திறந்து, அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடியைக் கழற்றினாள். உள்ளே புது நூல்நாடா கட்டிய ஓலைக் கட்டு. மேலும் கீழும் வேங்கைப் பலகை, மழமழவென்று. அதன் மேல் ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்லை.

சுரண்டி எடுத்தவள் அவள்தான்.

அவர்கள் வீட்டு ஏடு மாட்டு வாகடம். அடைப்பானுக்கு என்ன மருந்து, கோமாரிக்கு என்ன மருந்து என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். அதில் ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. குன்றாண்டார்கோவிலில் மாட்டாஸ்பத்திரி வந்த பிறகு வீட்டில் யாரும் அதைப் பிரித்துப் படித்ததும் இல்லை. ஆனால் அதை வைத்து வேறொரு காரியம் நடந்து வந்தது. குடும்பத்துக்குள்ளே ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் வந்து, பேசித் தீராமல் போனால், மாட்டுக் கட்டுத்தறியில் ஏட்டை வைப்பார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர் பெருவிரலை மஞ்சளில் தோய்த்து மேல் பலகையில் பதிக்க வேண்டும். பதித்துவிட்டு நடந்ததை ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அதோடு சரி. அந்தப் பேச்சை அதற்குப் பிறகு கேட்டவரும் எடுக்கக் கூடாது, சொன்னவரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்தத் தொழுவத்தில் மாடு தங்காது. இரண்டு தரப்புக்கும் பொதுவாக, உறவு இல்லாத ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். கை வைத்தபின் எல்லாரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். பதித்த மஞ்சளை யாரும் துடைப்பதில்லை. அடுத்த கை அதன் மேலேயே விழும். பெண்கள் கை வைத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வைக்கக் கூடாது என்று சொல்லியும் கேட்டதில்லை.

அப்படிப் படிந்து படிந்து மேல் பலகையில் மஞ்சள் காய்ந்த சேறு போல வெடித்துக் கிடந்தது. போன கார்த்திகை மழையில் ஓட்டு வீடு ஒழுகியபோது பொற்கொடிதான் அப்பாவை நச்சரித்தாள். கிராமங்களில் கிடக்கும் சுவடிகளை வாங்கிச் சுத்தம் செய்து, படம் எடுத்து, திருப்பிக் கொடுக்கும் திட்டம் ஒன்று பிரிவில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தொகுப்பூதிய வேலை. ஊர் ஊராகப் போய்க் கேட்கிறவள் சொந்த வீட்டு ஏட்டை விட்டுவைப்பாளா? வைகாசியில் ஒருவழியாக அவர் சம்மதித்தார்.

ஏடு மேசைக்கு வந்த அன்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது பூச்சி மட்டும்தான். மஞ்சள் படிவுக்குக் கீழே ராமபாணம் கூடு வைத்திருந்தது. மஞ்சளோடு மாவும் பாலும் கலந்திருக்க வேண்டும். அது பூச்சிக்குச் சோறு. மூங்கில் சிம்பால் மெதுவாக நெம்பி எடுத்தாள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். மரத்தின் ரேகை தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. நிலை அறிக்கையில் அழுக்கு என்ற கட்டத்துக்கு எதிரே 'மஞ்சள் படிவு, நீக்கப்பட்டது' என்று தட்டினாள். அப்போது காளை உயிரோடு இருந்தது.

காளை செத்தது ஆனி மாதம். செவலை. வாடிவாசலுக்கு இரண்டு வருஷம் போன மாடு. அப்பா நல்லதம்பி அதைக் கன்றிலிருந்து வளர்த்தார். கண்மாய்க் கரையை ஒட்டி அவருடைய மச்சினன் சோலையப்பன் மக்காச்சோளம் போட்டிருந்தான். ஒருமுறை செவலை உள்ளே புகுந்து ஒரு பாத்தியையே மிதித்துவிட்டது. "இன்னொரு தரம் வரட்டும் மச்சான், பாத்துக்கிறேன்" என்று சோலையப்பன் எல்லார் முன்னாலும் கத்தினான். அடுத்த பத்து நாளில் சோளத்தில் படைப்புழு விழுந்தது. அவன் மருந்து அடித்தான். அன்று சாயங்காலம் அவிழ்த்து விட்ட செவலை அந்தச் சோளத்தைத் தின்றுவிட்டு வந்து கட்டுத்தறியில் விழுந்தது. வாயில் நுரை. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று காலையில்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து ஆவணியில் நாள் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மருந்து அடித்ததை ஏன் சொல்லவில்லை என்று நல்லதம்பி கேட்டார். சோலையப்பன் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்த மௌனத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். வேண்டுமென்றே செய்தான் என்றார். அன்றிலிருந்து பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை. பொற்கொடிக்கு இருப்பது ஒரே தாய்மாமன். அவன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியாது. மாப்பிள்ளை நிலவழகன் போனில் இதமாகத்தான் சொன்னான்: "எனக்கு ஒன்னுமில்லங்க. எங்க வீட்டுப் பெரியவங்க மாமன் இல்லாம எப்படிம்பாங்க. எப்படியாச்சும் பேசி முடிச்சிருங்க."

கரண்ட் வந்தது. ஜெபக்குமார் தேநீர்க் குவளையோடு வாசலில் நின்றார். பிரிவின் பொறுப்பாளர். உள்ளே தேநீர் கொண்டு வர அவரே தடை போட்டிருந்ததால் தினமும் வாசலில் நின்றுதான் குடிப்பார்.

"என்னம்மா, பேய் பாத்த மாதிரி நிக்கிற?"

அவள் சொன்னாள். அவர் குடித்து முடிக்கும்வரை கேட்டார்.

"நீ செஞ்சது சரிதான். யாரு செஞ்சாலும் அப்படித்தான் செஞ்சிருப்போம்."

"அப்பாகிட்ட அப்படிச் சொல்ல முடியுமா சார்?"

"ஒன்னு பண்ணு. புது மஞ்சளக் கொழச்சு நாலஞ்சு தடவ பூசு. ஹேர் டிரையரக் காட்டு. காஞ்சு வெடிச்சிரும். மேல கொஞ்சம் வெளக்குக் கரி. ஒங்கப்பா என்ன மைக்ராஸ்கோப்பா வச்சுப் பாக்கப் போறாரு?"

"சார்."

"சும்மா சொன்னேன்ம்மா. மொறைக்காத." குவளையைச் சுவரோரம் வைத்தார். "சொரண்டுனத என்ன பண்ணுன?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அலமாரியின் கீழ்த் தட்டைத் திறந்தாள். சுவடியிலிருந்து உதிர்ந்த எதையும் வெளியே கொட்டக் கூடாது என்பது அந்தப் பிரிவின் பழக்கம். ஓலைத் துணுக்கு, அறுந்த கயிறு, பூச்சி முட்டை, துணிக் கிழிசல், எதுவானாலும் பொட்டலம் கட்டி எண் போட்டு வைக்க வேண்டும். எலிப் புழுக்கையைக்கூட வைக்கச் சொல்வாரோ என்று பொற்கொடி கூட வேலை செய்யும் பரிமளாவிடம் கேலி பேசியிருக்கிறாள்.

பழுப்புக் காகிதப் பொட்டலம். பிரித்தாள். மஞ்சள் தூளும் பக்குகளும். சில பக்குகளில் விரல் ரேகை தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்ததால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

"இது அந்தச் சுவடியோட சேந்தது," என்றார் ஜெபக்குமார். "அது போனா இதுவும் போகணும். எழுதிட்டு எடுத்துட்டுப் போ."

"அறிக்கையில அழுக்குன்னு போட்டுட்டேன் சார்."

"வேற கட்டம் இல்லியேம்மா அந்த சாஃப்ட்வேர்ல."

மறுநாள் சோலையப்பன் நூலகத்துக்கே வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையில் உரச் சாக்கு. சாக்கிலிருந்து பனம்பழ வாசம் வராந்தா முழுவதும் அடித்தது. காவலாளி அவனை நிறுத்திவைத்திருந்தார். பொற்கொடி கீழே ஓடினாள்.

"வாங்க மாமா. என்ன சொல்லாம கொள்ளாம?"

"சொல்லிட்டு வந்தா வேணாம்பே. இந்தா, நாலு பழம். ஒனக்குச் சுட்டுத் திங்கப் பிடிக்குமே."

"உள்ள எடுத்துட்டுப் போக முடியாது மாமா. பூச்சி வரும்."

"பழத்துக்கு வராம வேற எதுக்கு வரும்? அதும் பொழைக்க வேணாமா?"

சாக்கை வேப்ப மரத்தடியில் வைத்தார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வந்தான். அவள் வேண்டாம் என்று சொல்லியும் போடவில்லை. பிரிவுக்குள் நுழைந்ததும் குரலைத் தணித்துக்கொண்டான். அலமாரிகளைப் பார்த்தான். துணிமேல் விரித்துக் கிடந்த ஓலைகளைப் பார்த்தான்.

"இம்புட்டும் நீயா படிக்கிற?"

"படிக்கிறது கொஞ்சம்தான் மாமா. தொடைக்கிறது, எண்ணெ போடுறது, படம் எடுக்கிறது."

"மாட்டக் கழுவுற மாதிரிதான்."

"அப்படித்தான்னு வச்சுக்கங்க."

பெட்டியைத் திறந்து காட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"இதா நம்ம ஏடு? நான் ஒரு தடவ பாத்துருக்கேன். அக்கா கல்யாணத்துக்குப் பெறவு, ஒங்க பெரியப்பன் கை வச்சப்ப. ஆடு காணாமப் போனதுக்கு. அப்ப இது கருவாடு மாதிரில்ல கெடந்துச்சு."

"நான்தான் மாமா சுத்தம் பண்ணிட்டேன். மஞ்சள எடுத்துட்டேன்."

"இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு."

"அப்பா ஒத்துக்கணுமே."

"ஒங்கப்பனா? எங்க பந்தியில உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு வருசம் பேசாம இருந்த ஆளு." சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான். "ஆத்தா, ஒன்னு கேக்கணும்னுதான் வந்தேன். நீ படிச்ச புள்ள. கை வச்சுட்டா அதுக்கப்பறம் அந்தப் பேச்ச ஒருத்தரும் எடுக்கக் கூடாதுங்கிறது நெசந்தான?"

"அப்படித்தான் சொல்லுவாங்க."

"ஒங்கப்பனும் கேக்கக் கூடாதுல்ல? யாருகிட்டயும்?"

"யாருகிட்டயும் கேக்கக் கூடாது."

"அது போதும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, மருந்து அடிச்சத நீங்க யாருகிட்டயுமே சொல்லலியா?"

அவன் கையைப் பார்த்தான். பெருவிரலைத் தேய்த்துக்கொண்டான். "யாருகிட்ட சொல்லுறது? அன்னைக்கு ஒங்க வீட்ல விருந்தாளுக." பிறகு வேறு பக்கம் திரும்பினான். "அக்கா ஒழுங்கா சாப்புடுதா?"

"சாப்புடுது."

"சாப்புடச் சொல்லு. அதுக்கு எப்பவும் ஒரு கவலைன்னா வயித்துல சோறு எறங்காது. சரி, நான் வாரேன். கீரனூர் பஸ் போயிரும். பழத்த மறந்துறாத."

வராந்தாவில் ஜெபக்குமாரைப் பார்த்து, தெரிந்தவர் போல ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினான். ஜெபக்குமார் மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "யாரும்மா, இந்த வாசம்?"

"எங்க தாய்மாமன் சார்."

வியாழன் சாயங்காலம் பொற்கொடி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கூட்டம். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். கண்டக்டர் அதைத் தட்டப் பார்த்தார்.

"என்ன பாப்பா, கேக்கா? லக்கேஜ் போடவா?"

"ஓலைங்கண்ணே. வீட்டு ஏடு."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளுக்குப் பக்கத்தில் யாரையும் நெருக்கி நிற்க விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. நல்லதம்பி தொழுவத்தில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் செவலை கட்டிக் கிடந்த இடம் காலியாக இருந்தது. அந்தக் கட்டுத்தறியை அவர் பிடுங்கவில்லை. தினமும் அந்த இடத்தையும் சேர்த்தே கூட்டினார். அம்மா அழகி அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்தாள். பெட்டியைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"கொண்டாந்துட்டியா."

"ம்."

"அது என்னத்துக்கு? ஆளும் ஆளும் ஒக்காந்து பேசுனா ஆகாதா?"

"அப்பாகிட்ட சொல்லும்மா."

"நான் சொல்லி அவரு கேட்டுட்டாலும்."

நல்லதம்பி கை கால் கழுவிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். பொற்கொடி பெட்டியை அவர் முன்னால் வைத்துத் திறந்தாள். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். வார்த்தை வருவதற்குள் அவர் ஏட்டைக் கையில் எடுத்துவிட்டார். திருப்பினார். முகர்ந்தார்.

"என்ன வாசம் இது?"

"எலுமிச்சம்புல் தைலம்ப்பா. பூச்சி அண்டாது."

"மஞ்சள் எங்க?"

"எடுத்துட்டேன்ப்பா. அடியில பூச்சி இருந்துச்சு. விட்டுருந்தா ஓலையவே தின்னுருக்கும்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது. பலகையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். கண் தெரியாதவர் ஆளைத் தடவிப் பார்ப்பது போல இருந்தது.

"எங்க அய்யா கை இதுல இருந்துச்சு. எங்க அண்ணன் கை இருந்துச்சு. நான் ஒருக்கா வச்சேன், கல்யாணத்துக்கு முந்தி. எதுக்குன்னு சொல்ல மாட்டேன்." ஏட்டை அவள் மடியில் வைத்தார். "இது நம்ம ஏடு இல்ல ஆத்தா. ஒங்க ஆபீசு சாமான். திருப்பிக் கொண்டு போய்க் குடுத்துரு."

"அப்ப மாமா?"

"எதுல கை வைப்பான்? வெறும் மரத்துலயா, பெஞ்சுலயா?"

"சொரண்டுனத வச்சிருக்கேன்ப்பா."

"குப்பையையா?"

"குப்பையில போடல. பொட்டலம் கட்டி வச்சிருந்தோம்."

கொடுத்தாள். அவர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூலையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார்.

"இதுக்குமா நம்பர் போட்டுருக்கீக?"

"எல்லாத்துக்கும் போடுவோம்ப்பா."

அவர் பொட்டலத்தை மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார். "நாளைக்கு நாகராசு வரட்டும். பொது ஆளு அவன். செல்லும்னா செல்லட்டும், செல்லாதுன்னா இல்ல." எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார்.

அடுப்படியில் மொச்சை உரிக்கும் சத்தம் எப்போது நின்றது என்று பொற்கொடி கவனிக்கவில்லை. அழகி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாத்தையும் நீதான் செஞ்சேன்னு போட்டு ஒடைச்சுட்டியேடி. நாளைக்கு நாகராசு முன்னாலயும் சொல்லுவியா?"

"சொல்லித்தானம்மா ஆகணும். நான்தான செஞ்சேன்."

அழகி அடுப்படிக்குள் திரும்பினாள். உரித்த மொச்சையைத் திரும்ப முறத்தில் கொட்டி, சொத்தை இருக்கிறதா என்று மறுபடி பார்க்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அழகி குளித்துவிட்டு அம்மியில் மஞ்சள் அரைத்தாள். சோறு, மொச்சைக் குழம்பு, முருங்கைக்கீரை, ஒரு பாயசம். கை வைத்துவிட்டால் சேர்ந்து சாப்பிட வேண்டும். வைக்காமல் போனால் அவ்வளவும் மீந்து போகும். மீந்து போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. பொற்கொடி தோட்டத்தில் இலை அறுத்து வந்தாள். காற்றில் கிழியாத இலையாகத் தேட வேண்டியிருந்தது.

உச்சி வெயிலுக்கு நாகராசு வந்தான். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவன். கடையை மகனிடம் விட்டுவிட்டு, நீதிபதி ஆகிவிட்ட நடையில் வந்தான். அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி சோலையப்பன்.

"அண்ணே, வெரசா முடிச்சு விடுங்க. பயகிட்ட கடைய விட்டுட்டு வந்தேன். பாலுல தண்ணி ஊத்தத் தெரியாது அவனுக்கு."

"ஒனக்கு நல்லாத் தெரியும்," என்றார் நல்லதம்பி.

தொழுவத்தில் காலிக் கட்டுத்தறிக்கு முன்னால் மணைப்பலகை போட்டு அதன்மேல் ஏட்டை வைத்தார்கள். நாகராசு குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

"இது என்ன, கடையில வாங்குன மாதிரி இருக்கு?"

பொற்கொடி முன்னால் வந்தாள். "நான்தாண்ணே மஞ்சளச் சொரண்டுனேன். பூச்சி இருந்துச்சு. இது கை வச்ச எடம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வேலை செய்யிறப்ப அது மனசுல வரல. தப்புதான். எடுத்த மஞ்சள் இந்தா இருக்கு."

பொட்டலத்தைக் கிண்ணத்தில் கொட்டினாள். அழகி அரைத்து வைத்திருந்த புது மஞ்சளை அதில் விட்டு, எல்லாரும் பார்க்கக் குழைத்தாள். பழையது மங்கல், புதியது பளபளப்பு. குழைக்கக் குழைக்க இரண்டும் ஒரே நிறமாயிற்று. எண் எழுதிய காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சொல்லுடா நாகராசு," என்றார் நல்லதம்பி. "செல்லுமா?"

நாகராசு தாடையைச் சொறிந்தான். "நான் தெனம் பாய்லர வெளக்குறேன். அதுக்காவ அது பாய்லர் இல்லேன்னு ஆயிருதா?"

"ஒன் பாய்லரும் எங்க ஏடும் ஒன்னாடா?"

"கோவப்படாதீக. பழசும் உள்ள கெடக்கு, ஏடும் அதே ஏடு, கட்டுத்தறியும் அதே கட்டுத்தறி. சோலையப்பன் கை மட்டுந்தான் புதுசு. என்னக் கேட்டா செல்லும். தெரிஞ்சே தப்புன்னு அந்தப் புள்ள சொல்லுது. அதுக்கு மேல என்ன இருக்கு?"

நல்லதம்பி கட்டுத்தறியைப் பார்த்தார். பிறகு, "சரி, வைக்கச் சொல்லு," என்றார். மச்சினனைப் பார்த்துச் சொல்லவில்லை.

சோலையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். மணைக்கு முன்னால் உட்கார்ந்தான். கிண்ணத்தின் பக்கம் கையை நீட்டினான்.

"நீ எந்திரி," என்றாள் அழகி.

அவள் எப்போது அடுப்படியிலிருந்து வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ உள்ள போ."

"எந்திரிடா."

"அக்கா, சொன்னாக் கேளு. நான் வச்சுட்டா முடிஞ்சிரும். நீ போ."

"ஏய், நீ எதுக்கு இங்கிட்டு வார?" என்றார் நல்லதம்பி.

அழகி மணையருகே வந்தாள். தம்பியின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். குனிந்தாள். பெருவிரலைக் கிண்ணத்தில் தோய்த்து, மேல் பலகையின் நடுவில் வைத்து அழுத்தினாள். மாவு பிசைகிற அழுத்தம். எடுத்தபோது ஒரு சொட்டு மஞ்சள் பலகை ஓரமாக வழிந்தது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தே சொன்னாள்.

"சோளத்துக்கு மருந்து அடிச்சிருக்கேன், மாட்ட அவுத்து விட வேணாம்னு அன்னைக்குக் காலையிலயே எந்தம்பி எனக்குப் போன் பண்ணிச் சொன்னான். மாப்ள வீட்டுக்காரவுகளுக்கு வட சுட்ட அவசரத்துல சரிடா சரிடான்னு வச்சுட்டேன். ஒங்ககிட்ட சொல்ல மறந்துபோனேன்."

பசு வாலைச் சுழற்றி ஈயை விரட்டியது. சோலையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொற்கொடிக்கு அவன் நூலகத்தில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. யாருகிட்டயும் கேக்கக் கூடாதுல்ல?

நல்லதம்பியின் வாய் திறந்தது. முகம் கறுத்துவிட்டது. "ஒரு மாசமா..." என்று ஆரம்பித்தார்.

நாகராசு கையைத் தூக்கினான். இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அண்ணே. கை வச்சாச்சு."

அவர் நின்றார். திரும்பிக் காலிக் கட்டுத்தறியைப் பார்த்தார். அதன் மேல் பழைய கயிற்றின் தேய்மானம் வளையமாக இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினார். மச்சினன் பக்கம் பார்க்கவில்லை. பெண்டாட்டி பக்கமும் பார்க்கவில்லை. ஆனால் தொழுவத்தை விட்டு வெளியே போகவும் இல்லை.

பொற்கொடி மணைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மழமழப்பான பலகையில் ஒரே ஒரு விரல். ரேகை ரேகையாக, தனியாகத் தெரிந்தது. காய்வதற்குச் சாயங்காலம் ஆகும். அதுவரை துணி சுற்றக் கூடாது. வழிந்த சொட்டைத் துடைக்க அவள் கை தானாகப் போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

அழகி தொட்டியில் கை கழுவிவிட்டு உள்ளே போனாள். மஞ்சள் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. இலையில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, ஒங்களுக்கும் தம்பிக்கும் சேத்தே எலை போடவா?"